துரத்தும் கனவும் தூங்காத பகலும்

யாரோ துரத்துகிறார்கள். ஓடப் பார்த்தால் கால் எழவில்லை, கத்தப் பார்த்தால் குரல் வரவில்லை. இப்படி ஒரு கனவு வந்தது என்று இன்று யாரிடம் சொன்னாலும் பதில் அநேகமாக ஒன்றுதான்: “நீ ஏதோ ஒரு பிரச்சினையைப் பார்க்க மறுத்து ஓடிக்கொண்டிருக்கிறாய். நின்று திரும்பிப் பார், கனவு தானாகப் போய்விடும்.” இதழ்களின் மனநலப் பக்கம், தன்னம்பிக்கை மேடை, யூடியூப், அலுவலக நண்பர் என்று எல்லா இடத்திலும் இதே பதில். பாம்பு துரத்தினால் ராகு கேது பரிகாரம் என்று சொல்லிவந்த இடத்தில் இப்போது இது உட்கார்ந்திருக்கிறது. அறிவியல் போலத் தொனிப்பதால் படித்தவர்களும் தயக்கமில்லாமல் சொல்கிறார்கள். நான் இதை மறுக்கிறேன். ஒருவர் எதிலிருந்தாவது தப்பித்து ஓடுகிறார் என்பதற்குத் துரத்தல் கனவு சாட்சி ஆகாது. அந்தக் கனவின் கதையை வைத்து ஒருவருடைய குணத்தையோ கோழைத்தனத்தையோ எடைபோட முடியாது. அதில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதாவது உண்டென்றால், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வந்தபின் தூக்கம் என்ன ஆகிறது, விழித்திருக்கும் நேரத்தில் அவரை உண்மையாகவே மிரட்டுவது எது என்பவைதான்.

இந்தத் தவறு எங்கே அதிகமாக வலிக்கும் என்பதை ஒரகடத்தை ஒட்டியுள்ள வடக்குப்பட்டில் நின்றால் பார்க்கலாம். கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் செய்யும் ஆலைகள் ஒரு பக்கம். சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் வரை செல்போனும் மின்னணுப் பொருளும் செய்யும் ஆலைகள் மறுபக்கம். இந்த வட்டாரத்தில் ராத்திரி என்பது ஊர் அடங்கும் நேரம் இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்கு, ஊர் எழுந்திருக்கும் நேரம்தான் படுக்கும் நேரம். அவர்களில் ஏராளமானவர்கள் வெளி மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதியிலும் வாடகை அறையிலும் தங்கும் இளம் வயதினர். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஒரு விடுதி வளாகம் மட்டுமே 18,720 பெண்கள் தங்குவதற்கானது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு ஷிப்டில் வேலை வாங்கக் கூடாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பெண்களுக்கு வேலைக் கதவைத் திறந்த தீர்ப்பு அது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ராத்திரி வேலைக்கு வழி பிறந்ததே தவிர, அதற்கு ஈடான பகல் தூக்கத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அப்படிப் பகலில் தூங்கி, துரத்தப்பட்டு, வேர்த்துப்போய் எழுந்திருக்கும் ஒரு பெண்ணிடம் “நீ எதிலிருந்து ஓடுகிறாய்?” என்று கேட்பது என்ன நியாயம்?

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். 1958-ல் கிரிஃபித், மியாகி, டாகோ என்ற மூவர் அமெரிக்க மாணவர்களிடமும் ஜப்பானிய மாணவர்களிடமும் எந்தெந்த மாதிரிக் கனவுகள் வந்திருக்கின்றன என்று பட்டியல் கொடுத்துக் கேட்டார்கள். தாக்கப்படுவதாகவோ துரத்தப்படுவதாகவோ கனவு கண்டிருப்பதாகச் சொன்னவர்கள் அமெரிக்கர்களில் நூற்றுக்கு 77 பேர், ஜப்பானியர்களில் 91 பேர். 2003-ல் கனடாவில் டோர் நீல்சன் குழுவினர் 1,181 மாணவர்களிடம் கேட்டபோது பட்டியலில் முதலிடம் பிடித்ததே துரத்தல் கனவுதான்; நூற்றுக்கு 81 பேருக்குமேல் கண்டிருந்தார்கள். நாடு வேறு, மொழி வேறு, வளர்ப்பு வேறு. கனவு மட்டும் ஒன்று. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வருகிற ஒன்றை வைத்து அந்த எட்டுப் பேரில் இன்னார் பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர் என்று எப்படிப் பிரித்தெடுப்பது? அடையாளம் என்றால் அது இருப்பவரையும் இல்லாதவரையும் வேறுபடுத்த வேண்டும். சளி பிடிக்காத மனிதன் இல்லை என்பதால் சளியைக் கொண்டு ஒருவருடைய ஒழுக்கத்தைக் கணிக்க மாட்டோம். “உனக்குள் தீர்க்காத பிரச்சினை ஒன்று இருக்கிறது” என்ற வாக்கியம் பலித்துவிட்டதாகத் தோன்றுவதற்குக் காரணம் வேறு. தீராத பிரச்சினை இல்லாத மனிதர் எங்கும் கிடையாது. கடன், கல்யாணம், அப்பாவின் மருந்துச் செலவு, காண்ட்ராக்டை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்ற கவலை, இவற்றில் எதையாவது ஒன்றைத் தொட்டால் கேட்பவர் “ஆமாம்” என்று தலையசைத்துவிடுவார். யாரிடம் சொன்னாலும் பொருந்துகிற பலன் உண்மையில் யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

இனி அந்த நகராத கால். ஓட முடியாமல் தவிப்பதைத்தான் இந்த விளக்கக்காரர்கள் பெரிய ஆதாரமாகக் காட்டுகிறார்கள். வாழ்க்கையில் செயலற்றுப் போனவரின் மனம் அப்படித் தன்னைக் காட்டிக்கொள்கிறதாம். ஆனால் காரணம் உடலிலேயே இருக்கிறது. 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் தூக்கத்தில் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் ஒரு கட்டம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ரெம் தூக்கம் என்பது அதுதான். கதைபோல் விரியும் தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. அந்த நேரத்தில் மூச்சுக்கும் கண்ணுக்கும் வேண்டிய தசைகளைத் தவிர மற்றத் தசைகளை மூளைத்தண்டு தளர்த்திக் கட்டிப்போட்டுவிடுகிறது. கட்டாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து எழுந்தே ஓடிவிடுவார். ஆக மூளை ஓடச் சொல்கிறது, உடலிலிருந்து ஓடிய செய்தி திரும்பி வருவதில்லை. கால் கனப்பதற்கு மனக்கோழைத்தனத்தைத் தேடுவதைவிட இது எளிமையான விளக்கம். இந்தக் கட்டு அவிழ்வதற்குள் விழிப்பு வந்துவிட்டால் அதையே நம் ஊரில் “பேய் அமுக்குது” என்றார்கள். பேயை விட்டுவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர்கள் அதே இடத்தில் “அடக்கிவைத்த பயம்” என்ற இன்னொரு பேயைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பயத்தைக் கிளப்பும் மூளைப் பகுதி ரெம் தூக்கத்தில் சுறுசுறுப்பாக இருப்பதும், நிதானித்து எடைபோடும் முன்மூளைப் பகுதி அடங்கிப்போவதும் 1990-களின் மூளைப்படங்களில் பதிவாகியிருக்கின்றன. பயம் முதலில் எழுகிறது, அதற்கேற்ற கதை பின்னால் சேர்கிறது என்று கொள்ள இது இடம் தருகிறது. பயம் என்ற உணர்ச்சிக்கு விலங்கு உடம்பு கற்றுவைத்திருக்கும் அசைவுகளில் ஒன்று ஓட்டம். எனவே பயந்த கனவு ஓட்டக் கனவாக இருப்பதில் விசேஷமாக மறைந்திருப்பது எதுவும் இல்லை.

“ஃபிராய்டும் யுங்கும் சொல்லாததையா நாங்கள் சொல்கிறோம்?” என்று கேட்பார்கள். யுங் ‘நிழல்’ என்றது, மனிதர் தன்னுடையது என்று ஏற்க மறுக்கும் குணங்களின் திரட்டு. நீண்ட சிகிச்சையில், ஒரு தனி மனிதரின் முழு வரலாற்றோடு வைத்துப் பார்க்க வேண்டிய கருத்து. அதை ஒற்றை வரி அறிவுரையாக்கியது பின்வந்தவர்களின் வேலை. ஃபிராய்டின் கதை இன்னும் முக்கியமானது. கனவு ஆசையின் மாறுவேட நிறைவேற்றம் என்று 1900-ல் நூல் எழுதியவர் அவர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் இரவுதோறும் அதே குண்டுவீச்சுக்கும் அதே பதுங்குகுழிக்கும் கனவில் திரும்பிப் போவதைப் பார்த்தபோது, தன் சூத்திரத்துக்குள் இது அடங்கவில்லை என்று 1920-ல் அவரே எழுதினார். உண்மையாகவே துரத்தப்பட்ட மனிதர்களின் கனவு முன்னால் வந்ததும் உளப்பகுப்பாய்வுத் துறையின் மூலவரே தன் திறவுகோலைக் கீழே வைத்தார். அவர் பேரைச் சொல்லிக்கொண்டு இன்று பேசுகிறவர்களுக்கு அந்தத் தயக்கம்கூட இல்லை.

வடக்குப்பட்டுக்கு இந்த விவாதத்தில் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. வேட்டையாடியும் கிழங்கு கனி சேகரித்தும் வாழ்ந்தவர்கள் கருவி செய்த இடம் அது என்று கருதப்படுகிறது. வடக்கே கொற்றலையாற்றுப் பகுதியில், ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கண்டறிந்த அதிரம்பாக்கத்தில், மனித முன்னோர் கல் கைக்கோடரி பிடித்தது சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று இப்போது கணித்திருக்கிறார்கள். அவ்வளவு நீண்ட காலம் இந்த மண்ணில் நடமாடியவர்களுக்குத் துரத்துவதும் துரத்தப்படுவதும் அன்றாடம். பின்லாந்து ஆய்வாளர் ஆன்ட்டி ரெவோன்சுவோ 2000-ல் முன்வைத்த கருத்தின்படி, கனவு என்பது ஆபத்தை எதிர்கொள்வதற்கான ஒத்திகை. ஓடிப் பழகிய மூளைதான் பிழைத்துத் தலைமுறை கண்டது. போரையும் வன்முறையையும் பார்த்த வட ஈராக் குர்திஷ் குழந்தைகளின் கனவில், பாதுகாப்பாக வளர்ந்த பின்லாந்துக் குழந்தைகளின் கனவைவிட மிரட்டல் அதிகம் என்று 2005-ல் வந்த ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் இதையும் முழுசாக விழுங்க நான் தயாரில்லை. 2008-ல் தென்னாப்பிரிக்கரையும் வேல்ஸ் நாட்டவரையும் ஒப்பிட்டபோது, வன்முறை மலிந்த தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு மிரட்டல் கனவு கூடுதலாக இல்லை, குறைவாகவே இருந்தது. ஒத்திகை என்பது உண்மையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. என் வாதத்துக்கு அது முடியவும் வேண்டாம். துரத்தல் என்ற சட்டகம் மனித இனத்துக்கே பொதுவாக, மிகப் பழசாக இருக்கிறது என்பது போதும். சின்ன வயதில் கண்ட கெட்ட கனவுகளில் துரத்தல் இன்னும் கூடுதல் இடம் பிடிப்பதை ஜெர்மன் ஆய்வாளர் ஷ்ரெடல் காட்டியிருக்கிறார். பால்வாடிக்குப் போகும் பிள்ளை எந்தப் பொறுப்பைத் தட்டிக்கழித்து ஓடுகிறது?

இங்கே ஒரு நல்ல எதிர்க்கேள்வி உண்டு. மன அழுத்தம் கூடினால் கெட்ட கனவு கூடுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறதே, அப்படியானால் கனவுக்கும் வாழ்க்கைக்கும் தொடர்பு இருக்கிறது என்றுதானே ஆகிறது? இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் காட்டும் தொடர்பு, எத்தனை முறை வருகிறது, எவ்வளவு பயமுறுத்துகிறது என்பதோடு. ‘துரத்தினால் தப்பித்தல், விழுந்தால் தோல்வி, பல் விழுந்தால் இழப்பு’ என்ற அகராதியோடு அல்ல. மேலும் அழுத்தம் இருப்பது வேறு, அதைப் பார்க்க மறுத்து ஓடுவது வேறு. தன் கஷ்டம் இன்னதென்று நன்றாகத் தெரிந்து, அதைத் தினமும் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டே இருப்பவருக்கும் கெட்ட கனவு வரும். லைனில் டார்கெட் எட்டாவிட்டால் என்ன கேட்பார்கள் என்று சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தே எட்டு மணி நேரம் நிற்பவர் எதையும் தவிர்க்கவில்லை. தவிர்க்க அவருக்கு வழியே இல்லை என்பதுதான் அவருடைய பிரச்சினை.

தூக்கத்தின் கணக்கு இன்னும் கறாரானது. ரெம் தூக்கம் இரவு முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. உடல் கடிகாரப்படி விடியற்காலையை ஒட்டித்தான் அது திரண்டு வருகிறது. விடியற்காலக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கை பிறந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்த நேரத்துக் கனவுதான் நீளமானது, விழிப்புக்குப் பக்கத்தில் இருப்பதால் நினைவிலும் நிற்கிறது. நைட் ஷிப்டில் இருப்பவர் அந்த நேரத்தில் மெஷின் முன்னால் நிற்கிறார். காலையில் வந்து படுத்ததும், தேங்கி நின்ற ரெம் தூக்கம் சீக்கிரமே வந்து இறங்குகிறது. ஆனால் வெளியே வெளிச்சம், உடல் கடிகாரமோ எழுந்திரு என்கிறது. குக்கர் விசில், அடுத்த கட்டில்காரியின் போன், மே மாதத்தில் மின்விசிறி நின்றுபோகும் பத்து நிமிடம் என்று தூக்கம் துண்டு துண்டாகிறது. பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிட ஒன்றிரண்டு மணி நேரமாவது குறைவு என்பது ஷிப்டுத் தொழிலாளர்களை ஆராய்ந்த எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ரெம் கட்டத்தின் நடுவில் உலுக்கி எழுப்பப்படுகிறவர் கனவைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் எழுவார். ஆக, இன்னொருவர் கண்டு மறந்துபோகும் துரத்தல் கனவை இவர் வாரத்துக்கு மூன்று முறை நினைவோடு சுமக்கலாம். இதில் குணக் குறைபாடு எங்கே வந்தது? 2021 டிசம்பரில் இங்குள்ள ஐபோன் ஆலை ஒன்றின் விடுதிச் சாப்பாட்டால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போய், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் தொழிலாளர்கள் உட்கார்ந்த பிறகுதான், பலர் நெரிசலான அறைகளில் தரையில் படுத்துத் தூங்கினார்கள் என்பது வெளியே தெரிந்தது. தங்குமிடங்கள் தன் விதிமுறைக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே சொன்னது. அந்தத் தரையில் படுத்தவர்களின் கனவை அலசி, உள்ளே ஒளிந்திருக்கும் பயத்தைத் தேடச் சொல்வது அநீதி.

மறுதரப்பின் கடைசி ஆயுதம் அனுபவம்: “திரும்பி நின்று பார்த்தவர்களுக்குக் கனவு நின்றிருக்கிறதே!” சிலருக்கு நின்றிருக்கும், நம்புகிறேன். ஆனால் தைலம் தேய்த்துத் தலைவலி போனால், தைலம் தேய்க்காததால்தான் தலைவலி வந்தது என்றாகாது. இதில் உறுதியான சோதனை ஒன்று உண்டு. பேரி கிராக்கோ என்ற மருத்துவர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கெட்ட கனவால் தவித்த 168 பெண்களிடம் ஒரு சிகிச்சையைச் சோதித்து 2001-ல் வெளியிட்டார். விழித்திருக்கும்போது கெட்ட கனவை எடுத்து, விருப்பப்படி மாற்றி, மாற்றிய கதையைத் தினமும் சிறிது நேரம் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கெட்ட கனவும் குறைந்தது, தூக்கமும் தேறியது. அதில் கவனிக்க வேண்டிய சொல் ‘விருப்பப்படி’ என்பது. துரத்துகிறவனை எதிர்த்து நின்றே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பறந்து போகலாம், கதவைச் சாத்தலாம், அவனை ஆட்டுக்குட்டியாக மாற்றலாம். அர்த்தம் கண்டுபிடிக்காமலே, திரும்பி நிற்காமலே குணம் கிடைக்கிறது என்றால், அர்த்தமும் திரும்பி நிற்றலும்தான் மருந்து என்ற கூற்று விழுந்துவிடுகிறது.

ஒரு தவறான விளக்கத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடுவயது தாண்டிய சிலர் துரத்துகிறவனை உதைப்பதாகக் கனவு கண்டு, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியை உண்மையாகவே உதைத்துவிடுகிறார்கள். ரெம் தூக்கத்தின் தசைக்கட்டு அவிழ்ந்துபோன நோய் அது. 1986-ல் மினியாபொலிஸில் ஷெங்க், மகோவால்ட் இருவரும் அதை விவரித்தார்கள். அவர்கள் தொடர்ந்து கவனித்த 26 பேரில் 21 பேருக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் அல்லது அதைச் சார்ந்த மூளைச் சிதைவு நோய் வந்தது. இப்படிப்பட்டவரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போகாமல் “மனசுல எதையோ வெச்சுக்கிட்டு இருக்கார்” என்று விட்டுவிட்டால் இழப்பது பல ஆண்டுகளை. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் புரோப்ரனலால் மாத்திரை கெட்ட கனவைக் கிளப்பக்கூடும் என்பதும், தினமும் மது குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் அடக்கப்பட்ட ரெம் தூக்கம் திரண்டு வந்து பயமுறுத்தும் என்பதும் மருத்துவப் பாடம். இவற்றையெல்லாம் தாண்டிக்கொண்டு குணத்தைப் பற்றிப் பேசப் போவது அவசரம்.

பழைய நம்பிக்கைக்கே திரும்பச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீய கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி குளத்தில் நீராடிக் காமவேளைத் தொழச் சொல்கிறாள். கண்ணகி அது தனக்குப் பெருமை இல்லை என்று மறுத்துவிடுகிறாள். பரிகாரம் சொன்னவளும் சரி, மறுத்தவளும் சரி, அந்தக் கனவைக் கண்ணகியின் மனக்குறையாகப் பார்க்கவில்லை. அவளுக்கு வெளியிலிருந்து வரப்போகும் தீங்காகவே பார்த்தார்கள். ஆபத்து வெளியிலும் இருக்கலாம் என்ற அந்த எளிய உண்மையை நவீன விளக்கம் தொலைத்துவிட்டது. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஆண்களின் சீண்டலுக்கு ஆளாகி உயிரிழந்த பிறகே தமிழ்நாட்டில் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து விடுதி வரை இருட்டில் பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடக்கும் பெண்ணின் கனவில் ஒருவன் துரத்தினால், அவள் எதையும் பார்க்க மறுக்கவில்லை. நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறாள்.

ஆகவே என் வேண்டுகோள் சிலரிடம் இருக்கிறது. விடுதி நடத்துகிறவர்களே, நைட் ஷிப்ட் முடித்தவர்களுக்குத் தனி அறை, கனத்த திரை, பகலிலும் சத்தம் போடாத நேரம் கொடுங்கள். ஷிப்டுப் பட்டியல் போடுகிறவர்களே, காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுற்றுங்கள், வாராவாரம் மாற்றாதீர்கள். 1982-ல் அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு கனிம ஆலையில் சுற்றை முன்னோக்கித் திருப்பி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாறும்படி செய்தபோது தொழிலாளர் திருப்தியும் உற்பத்தியும் இரண்டும் உயர்ந்தன. வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக்க வழிசெய்த மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே நாளன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. அது மறுபடி வேறு பெயரில் வந்தால், தூக்கத்தின் பேரிலும் எதிர்த்துக் கேளுங்கள். கனவு சொல்ல வருகிற தோழியிடம் எத்தனை மணி நேரம் தூங்கினாய், ராத்திரி எங்கே பயமாக இருக்கிறது, புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேளுங்கள். வாரக்கணக்கில் கெட்ட கனவு விடாமல் வந்து தூங்கவே பயமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.